ஆக்சிஜன் கட்டம் இல்லாத தாள்

கில்பாயா சோதனைக் களம், அட்டகாமா பாலைவனம்
2025 பிப்ரவரி 26, புதன், காலை 7 மணி 40 நிமிடம்
எண்ணிக்கை: 389 சூரிய மணி. பலகைகள் 16, அவற்றில் ஒழுகுபவை 2. ஹைட்ரஜன், முதல் நாள் அளவில் நூற்றுக்கு 61.

டானிட்சா,

நலம் விசாரிக்கவில்லை. நான்கு மாதமாக என் தொலைபேசி எண்ணைத் தடை செய்து வைத்திருப்பவளிடம் நலம் கேட்டால் அது நடிப்பு. மேலே இருப்பதுதான் செய்தி. மற்றதெல்லாம் புலம்பல், விருப்பமிருந்தால் படி.

அக்டோபரில் நிதி கொடுக்கிறவர்கள் முன்னால் எழுந்து நின்று, உன் தூள் வெயிலில் இருநூறு மணிகூடத் தாங்காது என்றேன். "அப்படின்னா நீயே போய் வெயில்ல உக்காந்து எண்ணு" என்றாய். உட்கார்ந்திருக்கிறேன். இருநூறாவது மணியில் 84 இருந்தது. அதில் நான் தோற்றேன். இப்போது 61. இதில் நீ.

பதினாறு பலகை, ஒவ்வொன்றும் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு. கண்ணாடியில் உன் வினையூக்கித் தூள், அதன்மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம், அதன்மேல் மூடி. வெயில் ஏறினால் தண்ணீர் உடைந்து குமிழ் வருகிறது. ஜனவரியில் சோடா மாதிரி பொங்கியது. இப்போது கிழவன் மூச்சு விடுவது மாதிரி விட்டு விட்டு வருகிறது. ஆயிரமாவது மணியில் 80 இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். யார் எழுதினார்களோ, அவர்கள் இங்கே ஒரு நாள்கூட நின்றதில்லை.

காகிதத்தில் ஏன் எழுதுகிறேன் என்றால், களத்தின் இணையம் மேலாளர் ஆர்னல்டோவின் மேசை வழியாகத்தான் போகிறது. அவர் என் மின்னஞ்சலைப் படித்துவிட்டு, "இந்த வரி கொஞ்சம் கசப்பா இருக்கே, மாத்திடலாமா?" என்று கேட்கிறார். ஆகவே தண்ணீர் லாரி. அதை ஓட்டுகிற வால்டோ புதனும் சனியும் வருவான். கடிதத்தை நகரத்துத் தபாலில் போட்டுவிடுவான். லாரியில் நாய் ஒன்று இருக்கிறது. உறை ஈரமாக இருந்தால் அது காரணம்.

இங்கே எல்லாமே அருவருப்பு. சுண்ணாம்புத் தூசி பல்லில் நறநறக்கிறது. ஆர்னல்டோவின் வாசனைத் தைலம் கழிப்பறை வரைக்கும் வருகிறது. அந்த இரண்டும் கலந்த வாடையில் நான் தினமும் பல் தேய்க்கிறேன். சமையல்காரி பசிலியா அக்கா மட்டும்தான் இங்கே மனிதர். மேலே உள்ள கில்பாயா ஊர்க்காரர். ஊரே அவருக்கு உறவு.

அளவுத் தாள் ஒன்றை இணைத்திருக்கிறேன். தூளைத் திருத்து. அல்லது ஒப்பந்தத்தைத் திருத்தச் சொல்.

எலெயாசர்


கொன்செப்சியோன்
மார்ச் 5

எலெயாசர்,

உறைக்குள் அரைக் கரண்டி மணல் இருந்தது. நாயையும் குறிப்பிட்டிருந்தாய், நன்றி.

நீ எழுதியதில் அறிவியல் என்று எடுத்துக்கொள்ளக்கூடியது ஒரே ஒரு வரி. அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். தூளின் துகள்களின்மேல் குரோமியத்தாலான மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. பிரிந்த வாயுக்கள் மறுபடி ஒன்று சேர்ந்து தண்ணீராகிவிடாமல் அதுதான் காக்கிறது. அந்தத் தோல் கரைந்தால் எல்லாம் போயிற்று. அது ஏன் கரைகிறது என்று யாராவது என்னைக் கேட்டால், உன் தண்ணீரில் உப்பு இருக்கிறது என்பேன். வடிகட்டியை எப்போது மாற்றினாய்? பலகையில் தூள் ஓரத்தில் உரிகிறதா, நடுவில் வெளுக்கிறதா? இதையெல்லாம் எழுதாமல் கழிப்பறையைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறாய்.

இன்னொன்று. மே 23 எனக்கு முனைவர் பட்டத் தேர்வு. ஆய்வேட்டில் மொத்தம் நாற்பது படம். ஆனால் எல்லோரும் பார்க்கப்போவது ஒன்றைத்தான், வெயிலில் ஆயிரம் மணி. அது உன் கையிலிருந்து வர வேண்டியிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. நீ சந்தோஷப்படுவாய் என்பதற்காகவே சொல்கிறேன்.

என் எண்ணை நீயும்தான் தடை செய்திருக்கிறாய். நான் சோதித்துப் பார்த்தேன்.

டானிட்சா


கில்பாயா
மார்ச் 12, புதன், பகல் 11 மணி 15
எண்ணிக்கை: 514 மணி. ஹைட்ரஜன் 138.

டானிட்சா,

எண்ணைத் திரும்பப் படி. கை தவறி எழுதவில்லை. நூற்று முப்பத்தெட்டு.

மார்ச் 4 செவ்வாய்வரை 58. புதன்கிழமை காலை பத்து மணிக்குக் குழாயில் குமிழ் குதித்தது. அளவி கெட்டுவிட்டது என்று நினைத்துப் பிரித்துச் சேர்த்தேன். நூற்று நாற்பது. இரண்டாவது அளவியை மாட்டினேன். அதே. எட்டு நாளாக அப்படியே நிற்கிறது.

எனக்குக் காரணம் தெரியவில்லை. தோல் தானாகவே மறுபடி வளர்கிறதா? ஒரு பழைய ஆய்வுக் கூட்டத்தில் நீ அப்படி ஏதோ சொன்னாய். நான் பின் வரிசையில் சிரித்தேன். இப்போது சிரிக்கவில்லை. நான் சொன்னது தவறு, எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். இந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டிவிடாதே.

ஆர்னல்டோ உலகத்தையே கூப்பிட்டுவிட்டார். தலைநகரத்துக்கு மூன்று தொலைபேசி. "மீண்டெழும் வினையூக்கி" என்று ஒரு பெயரும் வைத்துவிட்டார். வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான். ஏப்ரல் 27 ஞாயிறன்று கில்பாயா ஊர்க்கூட்டம். ஊருக்கு இருப்பது ஒரே ஊற்று. அதில் மூன்றில் ஒரு பங்கை இருபது வருடத்துக்கு இந்தத் திட்டத்துக்குக் கொடுப்பதா என்று கை தூக்கப் போகிறார்கள். நமது ஹைட்ரஜன் வரைபடத்தின் வளைகோட்டைப் பெரிதாக அச்சடித்து அங்கே தொங்கவிடுவாராம். நான் பக்கத்தில் நின்று விளக்க வேண்டுமாம், சட்டை இஸ்திரி போட்டு.

வடிகட்டி பிப்ரவரி 20 மாற்றினேன். தூள் நடுவில் வெளுக்கிறது, ஓரத்தில் உரியவில்லை. போதுமா?

எலெயாசர்


கொன்செப்சியோன்
மார்ச் 20

எலெயாசர்,

உன் கடிதம் வந்தபோது ஆய்வகத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். மூன்று முறை படித்தேன். பிறகு ஜன்னலைத் திறந்து ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அழுதேன், கொஞ்சம்தான். நீ தவறு என்று எழுதியதற்காக அல்ல. ஆறு வருடம் ஒரு பிடித் தூளோடு வாழ்ந்திருக்கிறேன், எலெயாசர். அது செத்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை புத்தி வந்தது.

தோல் வளர்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வளர்ந்தால் பழைய நிலைக்கு வரும், அதாவது நூறு. நூற்று முப்பத்தெட்டு எப்படி வரும்? பிறந்த நாளில் இருந்ததைவிட யாராவது இளமையாக முடியுமா?

உன் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பிப்ரவரித் தாளையும் பார்த்தேன். நேரம், வெப்பம், வெயில், ஹைட்ரஜன். அவ்வளவுதான் கட்டங்கள். தண்ணீர் உடைந்தால் இரண்டு ஹைட்ரஜனுக்கு ஒரு ஆக்சிஜன் வர வேண்டும். இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆக்சிஜன் கட்டம் எங்கே?

டானிட்சா


கில்பாயா
மார்ச் 29, சனி, காலை 8 மணி 5
எண்ணிக்கை: 667 மணி. ஹைட்ரஜன் 52. ஆக்சிஜன், கீழே படி.

டானிட்சா,

கட்டம் ஜனவரி இறுதிவரை இருந்தது. ஆக்சிஜன் அளக்க ஆர்கான் சிலிண்டர் அதிகம் செலவாகிறது, "ஒண்ணு தெரிஞ்சா இன்னொண்ணு தெரிஞ்ச மாதிரிதானே, பாதிக்குப் பாதி" என்றார் ஆர்னல்டோ. எனக்கும் வேலை குறைந்தது. சரி என்றேன். இதுதான் உண்மை. அவரைத் திட்ட ஆரம்பித்து மூன்று வரி எழுதினேன், அடித்துவிட்டேன். சரி என்றது நான்.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அப்போதே ஹைட்ரஜன் சரிந்துவிட்டிருந்தது. ஞாயிறு 130, திங்கள் 70, செவ்வாய் 52. போன வார வாயுவில் ஒரு குப்பி எடுத்து வைத்திருந்தேன், நல்லவேளை. அளந்தேன்.

ஆக்சிஜன் இல்லை. குறைவாக அல்ல, இல்லவே இல்லை.

தண்ணீர் உடையவில்லை என்றால் வேறு ஏதோ உடைந்திருக்கிறது. பலகைகளுக்குத் தண்ணீர் போகும் தொட்டியை இறக்கினேன். அதன் சல்லடையில் வண்ணக் காகிதத் துண்டுகள். சிவப்பு, பச்சை, ஒரு சுருள் மஞ்சள். அதைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்குப் போனேன். பசிலியா அக்கா ஆட்டுக்கறிக் குழம்புக்குச் சோளம் உடைத்துக்கொண்டிருந்தார்.

"இது எப்படித் தொட்டிக்குள்ள போச்சு?"

"கார்னவால் திருவிழாச் செவ்வாய்க்கு நான்தான் போட்டேன். ஏன் தம்பி, அடைச்சுக்கிச்சா?"

"காகிதம் மட்டுமா?"

"காகிதம் மட்டும் போட்டா அது என்ன படையல்? ஊர்ல அன்னைக்கு எல்லாத்துக்கும் ஊத்துவோம். லாரிக்கு, அடுப்புக்கு, மாவு மில்லுக்கு. உன் கண்ணாடிங்க பாவம் தனியா நின்னுச்சுங்க. பூமித்தாய்க்கு ரெண்டு சொட்டு, மிச்சத்தை அதுங்க வாயில."

"வாயிலயா?"

"அந்த மூடி இருக்கே, நீ தண்ணி ஊத்துவியே. அதுதானே வாய்?"

"எவ்வளவு?"

"ஒரு பாட்டில். நல்ல சுத்த ஸ்பிரிட்டு. மட்டமானதை ஊத்துனா மரியாதையா?"

உனக்குச் சொல்லத் தேவையில்லை, அவருக்குச் சொன்னேன்: தண்ணீரை உடைப்பது கல் உடைப்பது, சாராயத்தை உடைப்பது முட்டை ஓடு உடைப்பது. தூள் தண்ணீரை விட்டுவிட்டுச் சாராயத்தைத் தின்றிருக்கிறது. ஹைட்ரஜன் கொட்டும், ஆக்சிஜன் வராது. பத்தொன்பது நாளில் பாட்டில் தீர்ந்தது, கதையும் தீர்ந்தது. அக்கா கவனமாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"ஊத்துனாத்தான் வேலை செய்யும்னா அது கருவி இல்ல தம்பி, என் புருஷன்."

சிரித்தேன். இந்த மாதத்தில் ஒரே ஒரு முறை.

பிறகு ஆர்னல்டோவிடம் போனேன். முழுதும் சொன்னேன், குப்பியைக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒரு பாட்டிலுக்குப் பத்தொன்பது நாளா?" என்றார்.

"அது தூளோட அளவு இல்ல, கலப்படம்."

"இன்ஜினியர், நான் வேதியியல் கேக்கல. நாள் கேட்டேன்."

இன்று காலை வால்டோவின் லாரியில் பத்து லிட்டர் கேன் ஒன்று வந்தது. மேலே அழகான கையெழுத்தில் "கண்ணாடி துடைக்க". பதினாறு தட்டளவு கண்ணாடி துடைக்கப் பத்து லிட்டர். என் அறைக்கு எதிரேதான் வைத்திருக்கிறார். கதவைத் திறந்தாலே வாடை.

மார்ச் மாதத் தாள்கள் எல்லாவற்றிலும் என் கையெழுத்து இருக்கிறது. என்ன செய்யலாம், சொல்.

எலெயாசர்


கொன்செப்சியோன்
ஏப்ரல் 7

எலெயாசர்,

நான் உன்னிடம் எதையும் கேட்கவில்லை என்பதைத் தயவுசெய்து கவனி. சத்தமாக யோசிக்கிறேன், அவ்வளவுதான்.

கேன் திறக்கப்பட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம். மார்ச் 4 முதல் 23 வரை நடந்தது ஒரு விபத்து. விபத்தை அறிவிக்க வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் எந்தத் தேதியில் அறிவிக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. மே 23 தாண்டி ஜூன் மாதத்தில் ஒரு திருத்தக் குறிப்பு எழுதினால், அது பொய் ஆகுமா, தாமதம் ஆகுமா? ஊர்க்கூட்டம் கை தூக்கினாலும் நாளைக்கே ஊற்றில் குழாய் போடப்போவதில்லை. உரிமம் வர மூன்று வருடம் ஆகும். மூன்று வருடத்தில் தூளைச் சரி செய்துவிடலாம். புதிதாக ஒரு பூச்சு வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வேண்டியது நேரம். பட்டம் இல்லாவிட்டால் ஆய்வகத்தில் மேசை இல்லை, மேசை இல்லாவிட்டால் பூச்சும் இல்லை. பிறகு யார் சரி செய்வார்கள், ஆர்னல்டோவா?

எழுதியதைப் படித்தேன். மிக ஒழுங்காக இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உறையை ஒட்ட முடியாது. நவம்பரில் இங்கே விளக்கு வெளிச்சத்தில் இதே சோதனையை நானே ஓட்டினேன். நல்ல தண்ணீர், நான் வடித்தது. 430-ஆவது மணியில் 56. காரணம் உன் தண்ணீரின் உப்பு அல்ல என்பது எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். வடிகட்டியை எப்போது மாற்றினாய் என்று கேட்டபோதும் தெரியும். அந்த வளைகோடு மூன்றாவது இழுப்பறையில் இருக்கிறது. பேராசிரியரிடம் காட்டவில்லை. வெயிலில் ஒருவேளை வேறு மாதிரி இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். என்னிடம்தான் சொல்லிக்கொண்டேன், வேறு யாரும் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தை வைத்துக்கொள்வதும் கிழிப்பதும் உன் இஷ்டம்.

டா.


கில்பாயா
ஏப்ரல் 16, புதன், காலை 6 மணி 50
எண்ணிக்கை: 820 மணி. ஹைட்ரஜன் 121. ஆக்சிஜன் 0. நான் என் கையால் ஊற்றியது: 2 முறை, மொத்தம் 400 மில்லி.

டானிட்சா,

கடைசி எண்ணிக்கையை முதலில் எழுதிவிட்டேன், தப்பிக்க முடியாதபடி.

ஏப்ரல் 2. கேனைத் திறக்கமாட்டேன் என்று ஆர்னல்டோவிடம் சொன்னேன். நல்ல நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார்.

"உண்மையை எழுதுங்க இன்ஜினியர், யாரு வேணாங்கறா. எழுதினா விசாரணை வரும். யாரு ஊத்துனான்னு கேப்பாங்க. 'சமையல்காரி குடிச்சிட்டு வந்து கருவியில சாராயத்தைக் கொட்டிட்டா'ன்னு பேப்பர்ல வரும். நான் எழுத மாட்டேன். எழுதுவாங்க. அந்த ஊரைப் பத்தி ஏற்கெனவே என்ன பேசுறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

ஆக, அக்காவைக் காப்பாற்ற ஊற்றினேன். அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அளவுக் குவளையில் இருநூறு மில்லி, மட்டம் பார்த்து, குனிந்து, சரியாக. திருட்டிலும் துல்லியம். ஒன்பதாம் தேதி மறுபடி. அன்று துணி காயப்போட வந்த பசிலியா அக்கா பின்னால் நின்றிருக்கிறார். நான் மூடியைத் திருகித் திரும்பினேன்.

"கார்னவால் முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சே தம்பி."

குவளையைத் தரையில் வைத்தேன்.

"நான் சாமிக்கு ஊத்துனேன். நீ யாருக்கு ஊத்துற?"

கத்தவில்லை. கேட்டார், அவ்வளவுதான், சோப்பு எங்கே என்று கேட்பது மாதிரி. பிறகு துணியை உதறிக் காயப்போட்டார். என் சட்டைதான் அது, இருபத்தேழாம் தேதிக்கு இஸ்திரி போட வேண்டிய சட்டை.

அன்று மதியம் எனக்குச் சாப்பாடு வைத்தார். சாப்பிட்டேன். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் அவரிடம் ஆர்னல்டோ சொன்னதையும் சொல்லிவிட்டேன். "என்னைக் காப்பாத்தவா? கூட்டத்துல எங்க ஊரு கை தூக்கி ஊத்துத் தண்ணியைக் குடுத்துட்டா, அப்புறம் என்னைக் காப்பாத்தி என்ன பண்ணுவ? எங்க குடிக்கறது?" என்றார்.

உன் கடிதத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை வந்தது. முதல் பக்கம் படித்ததும் தூக்கி எறிந்தேன். "தாமதம்" என்ற சொல்லுக்காக. ஆர்னல்டோவின் தைலத்தை அதன்மேல் தெளித்தது மாதிரி இருந்தது. நான்கு நாளில் யோசித்துப் பார்த்தால் நான் ஊற்றியதற்கும் நீ இழுப்பறையில் வைத்ததற்கும் வித்தியாசம் இல்லை. உன்னுடையதில் வாடை வராது, அவ்வளவுதான்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. யாரிடமும் காட்டவும் மாட்டேன். அது உன்னுடையது.

ஆனால் எனக்கு அந்த வளைகோடு வேண்டும். நவம்பர் வளைகோடு, உன் கையெழுத்தோடு. என் தாள்கள் நாறிவிட்டன. "அவன் ஊற்றினான், இப்போது ஊற்றவில்லை என்கிறான், எதை நம்புவது" என்று ஆர்னல்டோ கேட்பார், சரியாகத்தான் கேட்பார். சாராயம் இல்லாமல் இது எவ்வளவு தாங்கும் என்பதற்குச் சுத்தமான சாட்சி உலகத்தில் ஒன்றுதான். மூன்றாவது இழுப்பறை.

அனுப்பினால் மே 23 இருக்காது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். அனுப்பாவிட்டாலும் நான் பேசுவேன், ஆனால் அது ஒரு குடிகாரக் கருவியின் கூட்டாளி பேசுவது மாதிரி இருக்கும்.

கூட்டம் 27. தபால் நம்பாதே, பெரிய வெள்ளி விடுமுறை. பேருந்தில் போடு.

எலெயாசர்


கொன்செப்சியோன்
ஏப்ரல் 22

எலெயாசர்,

பேருந்து பிற்பகல் மூன்றுக்கு. சுருக்கமாக எழுதுகிறேன்.

பேராசிரியரிடம் காலையில் சொல்லிவிட்டேன். காப்பியை முழுக்கக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். "நவம்பரிலா?" என்றார். ஆமாம் என்றேன். "நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும்" என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. மே 23 ரத்து. அடுத்த தேதி இல்லை. மேசை இந்த மாத இறுதிவரை இருக்கும்.

பெட்டியில் இருப்பவை:

நவம்பர் வளைகோடு, நான்கு பக்கத்திலும் கையெழுத்திட்டது. ஆக்சிஜன் கட்டம் இருக்கிறது. ஒவ்வொரு மணிக்கும், இரண்டுக்கு ஒன்று.

இன்னொரு வளைகோடு, போன வாரம் முடிந்தது. குரோமியத் தோலின்மேல் டைட்டானியம் ஆக்சைடில் இன்னொரு தோல், வெங்காயச் சருகைவிட எத்தனையோ மடங்கு மெல்லியது. கரைவதை அது தடுக்கிறது. முழுதாக அல்ல. 690 மணியில் 80, அதன்பின் சரிகிறது. இதையும் யாருக்கும் காட்டவில்லை. ஏன் தெரியுமா? ஆயிரம் இல்லை என்பதற்காக. பழையதைவிட இரண்டு பங்கு மேலே தாங்குகிற ஒன்றைச் செய்துவிட்டு அதைக் குப்பை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த எண் நம் எல்லோரையும் என்ன செய்து வைத்திருக்கிறது பார்.

அந்தப் பூச்சில் கண்ணாடி நான்கு, பஞ்சில் சுற்றி. ஓரத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். கழுவாத கையால் தொட்டாய் என்றால் அங்கே வந்து அடிப்பேன்.

பசிலியா அக்காவிடம் நான் யார் என்று சொல். தூள் என்னுடையது என்று சொல்.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். எண்ணைத் திறந்துவிட்டேன், அது வேறு விஷயம்.

டானிட்சா


கில்பாயா
2025 ஏப்ரல் 26, சனி, மாலை 5 மணி 20 நிமிடம்
எண்ணிக்கை: 905 மணி என்று தாளில் இருக்கிறது. நம்பக்கூடியவை: 443. நாளைக் கூட்டத்துக்கு மீதி: 17 மணி 40 நிமிடம்.

டானிட்சா,

பெட்டி வந்தது. நான்கு கண்ணாடியும் உடையவில்லை. கையை மூன்று முறை கழுவினேன். நான்காவது முறை பசிலியா அக்கா, "தோல் உரிஞ்சிடும், போதும்" என்றார்.

நீ யார் என்று சொன்னேன். "அந்தப் பொண்ணு வேலையை விட்டுடுச்சா?" என்று கேட்டார். விடவில்லை, எடுத்துக்கொண்டார்கள் என்றேன். "குளிர்ற ஊராமே, நல்லா சாப்பிடுதா?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். இவ்வளவு வருடம் எதிரெதிர் மேசையில் இருந்திருக்கிறோம், தெரியாது.

ஆர்னல்டோவிடம் மதியமே சொல்லிவிட்டேன், முதுகுக்குப் பின்னால் செய்ய விருப்பமில்லை. இந்த முறை நாற்காலி போடவில்லை. "நீங்க தேன்கூட்டைக் கலைக்கல இன்ஜினியர், உங்க வீட்டை இடிக்கிறீங்க" என்றார். இருக்கலாம் என்றேன். உன் நவம்பர் தாளை நீட்டினேன். படிக்காமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அவர் விரலின் வாடை தாளில் ஒட்டிக்கொண்டது. வெயிலில் வைத்திருக்கிறேன்.

பெரிய வளைகோடு அச்சாகி வந்துவிட்டது, மூன்று மீட்டர் துணி. ஊர்க்கூட்டத்து மண்டபத்தில் இன்றே கட்டிவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். கீழே சின்ன எழுத்தில் என் பெயர்.

வால்டோ கூட்டம் பார்க்க இங்கேயே தங்குகிறான். இந்தக் கடிதம் அவனோடு நாளைதான் கிளம்பும், ஆனால் இன்றே எழுதுகிறேன். கூட்டம் முடிந்தபின் எழுதினால் என்னை நானே கொஞ்சம் அழகாக்கிவிடுவேன்.

நாளைக்குச் செய்யப்போவது:

1. காலை 6 மணிக்குத் தொட்டியை வடிப்பேன். அந்தத் தண்ணீர் பீப்பாயில் போய் மூடப்படும், மண்ணில் அல்ல. குரோமியம் இருக்கிறது அதில்.

2. மார்ச் 5 முதல் இன்றுவரை உள்ள தாள்களில் என் கையெழுத்தைக் குறுக்கே அடித்து, ஏன் என்று பக்கத்தில் எழுதி, மறுபடி கையெழுத்திடுவேன். ஏப்ரல் 2-க்கும் 9-க்கும் "ஊற்றியவன் நான்" என்று எழுதுவேன்.

3. கூட்டத்தில் முதலில் பசிலியா அக்கா பேசுவார். அவரே கேட்டார். "என் படையலை நான் சொல்லுவேன், நீ சொன்னா அது புகார் மாதிரி இருக்கும்" என்றார். அவர் ஊற்றியதை அவர் சொல்வார். நான் ஊற்றியதை நான்.

4. துணியின்மேல் 443-ஆவது மணியில் கரியால் ஒரு கோடு கிழிப்பேன். அதற்கு வலப்பக்கம் இருப்பது சாராயம் என்று சொல்வேன். விளக்கம் வேண்டுமென்றால் முட்டை ஓடு.

5. உன் நவம்பர் தாளை ஊர்க்காரர்கள் கையில் கொடுப்பேன். பொறுக்கி எடுத்துச் சொல்லாமல் முழுதும் படித்துக் காட்டுவேன். பிறகு இரண்டாவது தாள், 690. ஆயிரம் இல்லை என்பதையும் சேர்த்து.

6. ஊற்றைக் கொடுக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன், அது அவர்கள் ஊற்று. இந்தத் தாளை வைத்துக் கொடுக்காதீர்கள் என்று சொல்வேன்.

7. களத்தை விட்டுப் போகச் சொன்னால் போவேன், உன் நான்கு கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு. இருக்கச் சொன்னால் திங்கள் காலை அவற்றை மாட்டி, பூஜ்யத்திலிருந்து எண்ணுவேன்.

8. "அப்போ இது எத்தனை நாள் தாங்கும், இன்ஜினியர்?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். "தெரியாது" என்பேன். அதோடு நிறுத்திக்கொள்வேன், வேறு எதையும் சேர்க்கமாட்டேன். சாயங்காலம் பசிலியா அக்கா முன்னால் சொல்லிப் பார்த்தேன். முதல் முறை திணறியது. இரண்டாவது முறை சத்தமாக வந்தது, "கேக்குது, உரக்கச் சொல்லணும்னு இல்ல" என்றார்.

எலெயாசர்